இருபது டீம், ஒரே ப்ராடக்ட்: சிக்கு விழும் இடங்களும் பிரிக்கும் வழியும்

ஸ்கிரம் (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) பின்பற்றும் டீம் ஒன்றே ஒன்று இருக்கும் வரை ஒருங்கிணைப்பு பெரிய விஷயமே இல்லை. ஏழெட்டுப் பேர், ஒரே போர்டு, காலையில் பதினைந்து நிமிடம். சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளலாம். டீம்கள் பத்து, இருபது என்று பெருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இருபது டீம் என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 190 ஜோடி. எல்லோரும் எல்லோரோடும் பேசித் தீர்த்துக்கொள்வது நடக்காத காரியம். யார் யாரோடு, எதைப் பற்றி, எப்போது பேச வேண்டும் என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

அப்படிப் பல டீம் சேர்ந்து ஒரு ப்ராடக்ட் செய்யும் இடங்களில் இருக்கும் ஸ்கிரம் மாஸ்டர்கள், டெக் லீடுகள், ப்ராடக்ட் ஓனர்கள், டெலிவரி மேனேஜர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் சோதனையை மட்டும் படித்துவிட்டு, உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

எதையும் தொடும் முன்: எதற்காக நிற்கிறது?

டீம்களுக்கு இடையே ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும், பெரும்பாலான இடங்களில் முதலில் செய்வது ஒரு மீட்டிங் போடுவது. அது பலிக்காவிட்டால் இன்னொன்று. மூன்று மாதத்தில் எல்லோருடைய காலெண்டரும் நிரம்பிவிடும், கோளாறு அங்கேயே இருக்கும். நான் பார்த்த வரையில் இதற்குக் காரணம் சோம்பலோ அக்கறையின்மையோ கிடையாது. வேலை எதற்காக நிற்கிறது என்று பார்க்காமலே தீர்வுக்குப் போய்விடுகிறோம்.

அஜைல் (ஸ்கிரம் போன்ற முறைகளின் பொதுப்பெயர்) ப்ராஜெக்ட்களில் ஒரு வேலை இன்னொன்றைச் சார்ந்து நிற்கும் விதங்களை நியூசிலாந்து ஆய்வாளர் டயேன் ஸ்ட்ரோட் 2016-இல் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார். நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும். ஒன்று, தெரியாமல் நிற்பது: தேவை என்ன, யாரிடம் கேட்பது, முன்பு ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்ற தகவல் இல்லை. இரண்டு, முறை வராமல் நிற்பது: அவர்கள் வேலை முடிந்தால்தான் நம் வேலை தொடங்கும். மூன்று, பொருளோ ஆளோ இல்லாமல் நிற்பது: டெஸ்ட் சர்வர் ஒன்றுதான் இருக்கிறது, டேட்டாபேஸ் தெரிந்த ஆள் ஒருவர்தான், அவர்களுடைய காம்பொனென்ட் தயாராகவில்லை. அவர் பார்த்த ப்ராஜெக்ட்களில் முதல் வகையே அதிகம்.

சோதனை எளிது. கடந்த இரண்டு ஸ்பிரின்ட்களில் (ஸ்கிரமின் குறுகிய வேலைச் சுற்றுகள்) ‘பிளாக்ட்’ என்று மாட்டிய டிக்கெட்களை, வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் மென்பொருளான ஜிராவில் எடுங்கள். கமென்ட்களைப் படித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘தெரியாமல்’, ‘முறை’, ‘பொருள்’ என்று ஒரு சொல் எழுதுங்கள். ஸ்டேட்டஸை நம்பாதீர்கள், கமென்ட்தான் உண்மை பேசும். ‘தெரியாமல்’ அதிகமாக இருந்தால் பேச்சும் எழுத்தும் உதவும். ‘முறை’ அதிகம் என்றால் திட்டமிடலை, வேலையை வெட்டும் விதத்தை மாற்ற வேண்டும். ‘பொருள்’ அதிகம் என்றால் எத்தனை மீட்டிங் போட்டாலும் ஒரு சர்வர் இரண்டாகாது. அங்கே பணமோ, ஆளோ, டீம் அமைப்போ மாற வேண்டும். கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தச் சோதனையின் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: “எங்க பக்கம் எல்லாம் முடிஞ்சுது.” ஆனால் சேர்த்தால் ஓடவில்லை

ஒவ்வொரு டீமின் போர்டிலும் கார்டுகள் ‘டன்’னில் இருக்கும். ரிலீஸுக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும்போது வெடிக்கும்.

ஒரு உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். ஒரு பேங்க் ஆப். பேமென்ட் டீம் ஒரு ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்டு வாங்கும் வழி) கொடுக்கிறது, ஸ்டேட்மென்ட் டீம் அதை எடுத்துத் திரையில் காட்டுகிறது. பதிலில் தொகை என்று ஒரு ஃபீல்டு, அதில் 1500 என்று வருகிறது. பேமென்ட் டீமைப் பொறுத்தவரை அது பைசா. பல பேமென்ட் ஏபிஐகள் தசமப் புள்ளிச் சிக்கலைத் தவிர்க்கத் தொகையைப் பைசாவில்தான் வாங்கும், கொடுக்கும். ஸ்டேட்மென்ட் டீமோ அதை ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. பதினைந்து ரூபாய்க்கு டீ வாங்கியவரின் ஸ்டேட்மென்டில் ஆயிரத்து ஐந்நூறு என்று நிற்கிறது. இரண்டு டீமின் டெஸ்ட்களும் பச்சை. எப்படி? ஸ்டேட்மென்ட் டீம் உண்மையான ஏபிஐயோடு பேசவே இல்லை. தாங்களே எழுதிய மாக் (உண்மையான பதிலுக்குப் பதிலாக வைக்கும் போலிப் பதில்) ஒன்றை வைத்து டெஸ்ட் ஓட்டியது. அந்த மாக் அவர்களுடைய அனுமானத்தைத்தான் அவர்களுக்கே திருப்பிச் சொன்னது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது மாக் ஃபைல். அதை எழுதியது யார்? உண்மையான சர்வீஸின் பதிலோடு கடைசியாக ஒப்பிட்டது எப்போது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராத டீம்களில் இந்தக் கோளாறு இன்னும் வெளியே வரவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

சரிசெய்ய, புரோகிராம் கோடு எழுதும் முன் கொடுக்கும் டீமிலிருந்து ஒரு டெவலப்பரும் வாங்கும் டீமிலிருந்து ஒரு டெவலப்பரும் அரை மணி நேரம் உட்காரட்டும். மேனேஜர்கள் வேண்டாம். கையில் மூன்று மாதிரிப் பதில்கள்: சாதாரணப் பரிவர்த்தனை ஒன்று, தொகை பூஜ்யமானது ஒன்று, ரீஃபண்ட் ஒன்று. ரீஃபண்ட் வந்ததும் ‘இது மைனஸில் வருமா, தனி ஃபீல்டில் வருமா?’ என்ற கேள்வி தானாக எழும். ஸ்பெக் டாக்குமென்டை இருபது பக்கம் படித்தாலும் வராத கேள்வி அது. ஃபீல்டின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுங்கள், பைசா என்றால் பெயரிலேயே பைசா இருக்கட்டும்.

பேசியதை அப்படியே டெஸ்டாக மாற்றுவது அடுத்த வேலை. ‘எனக்கு இப்படிப்பட்ட பதில் வேண்டும்’ என்று வாங்கும் டீம் எழுதிக்கொடுக்கிறது. கொடுக்கும் டீமின் பைப்லைனில் (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) அது ஒவ்வொரு முறையும் ஓடுகிறது. இதற்குக் கான்ட்ராக்ட் டெஸ்ட் என்று பெயர். பாக்ட் போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. பேமென்ட் டீமில் யாராவது ஃபீல்டை மாற்றினால், அடுத்த டீமுக்கு மெயில் அனுப்ப மறந்தாலும் பைப்லைன் சிவப்பாகும். நான் கண்ட வழிகளில் மனித ஞாபகத்தை நம்பாமல் இருக்கும் வழி இதுதான், அதனாலேயே இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அப்புறம் ‘டன்’ என்ற சொல்லின் எல்லை. பல டீம்கள் சேர்ந்து ஸ்கிரம் செய்ய கிரேக் லார்மனும் பாஸ் வோடும் வகுத்த லெஸ் முறையில் இரண்டு முதல் எட்டு டீம் வரை இருந்தாலும் ப்ராடக்ட் முழுமைக்கும் ஒரே டெஃபினிஷன் ஆஃப் டன்தான், அதாவது வேலை எப்போது முடிந்ததாகக் கொள்வது என்ற வரையறை. ஒரு டீம் வேண்டுமானால் தனக்கு அதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம், தளர்த்த முடியாது. லெஸ்ஸை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் இந்த ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற டீமின் கோடோடு சேர்ந்து ஓடாத கார்டு, டன் நெடுவரிசைக்குப் போகக் கூடாது.

அறிகுறி: ஸ்கிரம் ஆஃப் ஸ்கிரம்ஸில் எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள்

டீம்களின் பிரதிநிதிகள் கூடும் கூட்டம்தான் ஸ்கிரம் ஆஃப் ஸ்கிரம்ஸ். பதினைந்து டீமிலிருந்து பதினைந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் ஸ்டேட்டஸ் வாசிக்கிறார்கள். “நாங்க ஆன் ட்ராக், பிளாக்கர் எதுவும் இல்ல.” அதே நாள் மாலை இரண்டு டீம் ஒரே டேட்டாபேஸ் டேபிளை மாற்றி ஒன்றையொன்று உடைத்திருக்கும்.

இது ஆள்களின் குற்றம் என்று நினைத்து ‘கேமரா ஆன்’ விதி போடுபவர்கள் உண்டு. மரியா பாசிவாராவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு வேறு காரணம் சொல்கிறது. பல நாடுகளில் பரவிய இரண்டு பெரிய ப்ராஜெக்ட்களை அவர்கள் பார்த்தார்கள். எல்லா டீமின் பிரதிநிதிகளும் சேரும் கூட்டங்கள் மோசமாகத் திணறின. கேட்பவர்களின் அக்கறைகள் ஆளுக்கொரு திசையில் இருந்தன. எது அடுத்த டீமுக்குப் பயன்படும் என்று தெரியாததால் பலர் எதுவுமே சொல்லாமல் போனார்கள். ஒரே ஃபீச்சரில் சேர்ந்து வேலை செய்த சில டீம்கள் மட்டும் கூடிய சிறிய கூட்டங்கள் நன்றாக நடந்தன. பொதுவான இலக்கு இருந்தால் பேச்சு தானாக வருகிறது.

எனவே கூட்டத்தை உடையுங்கள். டீம் பட்டியலை வைத்து உடைக்காமல், இந்தக் காலாண்டில் யார் யார் ஒரே ஃபீச்சரில் கை வைக்கிறார்கள் என்று பார்த்து உடையுங்கள். மூன்று நான்கு டீம் போதும். ஃபீச்சர் முடிந்ததும் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போகிறவர் ஸ்கிரம் மாஸ்டராகவே இருக்க வேண்டும் என்றில்லை. அந்தக் கோடைத் தொடுபவர் போனால் நல்லது, அதுவும் வேலையின் தன்மைக்கேற்ப ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம்.

கேள்வியையும் மாற்றுங்கள். ஸ்கிரம் ஆஃப் ஸ்கிரம்ஸுக்கென்று வழக்கமாகச் சொல்லப்படும் நான்கு கேள்விகளில் முதல் மூன்று, டெய்லி ஸ்டாண்டப்பின் (டீமின் தினசரிக் கூட்டம்) நகல். நான்காவதுதான் உயிரான கேள்வி: அடுத்த டீமின் வழியில் எதையாவது போடப் போகிறீர்களா? முதல் மூன்றையும் சாட் சேனலில் எழுதச் சொல்லிவிட்டு, கூட்டத்தை இந்த ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். “நாளைக்கு கஸ்டமர் டேபிள்ல ஒரு ஃபீல்டைத் தூக்கப் போறோம்” என்று ஒருவர் சொன்னதும், “இருங்க, எங்க ரிப்போர்ட் அதைத்தான் படிக்குது” என்று இன்னொருவர் மைக்கை ஆன் செய்வார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கூட்டமே.

நார்வேயின் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியத்தில் 2008 முதல் 2012 வரை நடந்த பெரும் மென்பொருள் திட்டம் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. சுமார் 175 பேர், 12 டெவலப்மென்ட் டீம்கள், ஓஸ்லோவில் ஒரே தளத்தில் வேலை. டொர்கெய்ர் டிங்சொயரும் நில்ஸ் பிரெடே மோவும் மற்றவர்களும் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் நாள் குறித்துக் கூடிய கூட்டங்களே முக்கியமாக இருந்தன. ஆள்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட பிறகு, இருக்கைக்கு நடந்துபோய்க் கேட்பது போன்ற திட்டமிடாத பேச்சுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. புதிய திட்டத்தில் கூட்டங்களை வெட்டாதீர்கள், பழகிய திட்டத்தில் வெட்டத் தயங்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

அறிகுறி: ப்ளானிங் போர்டில் எல்லாச் சிவப்பு நூலும் ஒரே டீமுக்குப் போகிறது

பல டீம்களை ஒருங்கிணைக்கும் இன்னொரு முறையான சேஃப் (SAFe) முறையில் ஐம்பது முதல் 125 பேர் வரை ரிலீஸ் ட்ரெயின் என்ற ஒரு பெரிய குழுவில் இருப்பார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சேர்ந்து உட்கார்ந்து பிஐ ப்ளானிங் செய்வார்கள், பிஐ என்பது அந்தத் திட்டக் காலம். போர்டில் ஃபீச்சர்களையும் சார்புகளையும் ஒட்டி, நடுவே சிவப்பு நூல் கட்டுவார்கள். அந்தப் போர்டைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். நூல்கள் எங்கும் பரவியிருந்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் ‘பிளாட்ஃபார்ம்’ என்றோ ‘கோர் சர்வீசஸ்’ என்றோ பெயர் வைத்த ஒரே வரிசையில் போய் விழுந்தால், அந்தக் காலாண்டு எப்படி முடியும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இங்கே பெரும்பாலும் நடப்பது, அந்த டீமோடு வாரம் இருமுறை ‘சிங்க்’ வைப்பது. ஏற்கெனவே நேரமில்லாத டீமிடமிருந்து இன்னும் நான்கு மணி நேரத்தைப் பிடுங்குகிறோம். முதல் சோதனையைப் போட்டுப் பாருங்கள், இது அநேகமாக ‘முறை’யாகவோ ‘பொருளா’கவோ இருக்கும்.

அடுத்த கேள்வி: ஏன் எல்லோரும் அங்கே போகிறார்கள்? ஒரு அமைப்பு கட்டும் சிஸ்டத்தின் வடிவம், அந்த அமைப்பில் பேச்சு ஓடும் வழிகளின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும் என்று மெல்வின் கான்வே 1968-இலேயே எழுதினார். டேட்டாபேஸுக்கு ஒரு டீம், ஏபிஐக்கு ஒரு டீம், திரைக்கு ஒரு டீம் என்று பிரித்திருந்தால், ஒரு பட்டனைச் சேர்க்கக்கூட மூன்று பேக்லாக்கில் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) மூன்று கார்டு வேண்டும். ஒரு கார்டின் முறை தவறினால் மற்ற இரண்டும் சும்மா கிடக்கும்.

சின்ன மாற்றத்திலிருந்து பெரியது வரை மூன்று வழிகள் உண்டு. முதலில், அந்த டீமிடம் வரும் கோரிக்கைகளைப் பட்டியலிடுங்கள். ‘ஒரு புது க்யூ உருவாக்கிக் கொடுங்கள்’, ‘இந்த யூசருக்கு அனுமதி கொடுங்கள்’ போன்று ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருபவை நிறைய இருக்கும். அவற்றை அடுத்த டீமே செய்துகொள்ளும்படி ஒரு ஸ்கிரிப்டோ ஃபார்மோ கட்டித் தரச் சொல்லி, அதற்காக ஒரு முழு ஸ்பிரின்டைக் கொடுங்கள். ஃபீச்சர் எதுவும் வராத அந்த ஸ்பிரின்டுக்காக மேலே இருப்பவர்களோடு வாதாட வேண்டிவரும். வாதாடுங்கள். இரண்டாவது, கோடைத் திறந்துவிடுவது. தேவைப்படும் டீமே மாற்றத்தை எழுதி அனுப்பட்டும், சொந்தக்கார டீம் ரிவ்யூ மட்டும் செய்யட்டும். இது நடக்க ரிவ்யூவுக்கு ஒரு கெடு வேண்டும், ஒரு வேலைநாள் என்று வைக்கலாம். கெடு இல்லாவிட்டால் காத்திருப்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மூன்றாவது, டீம்களையே திருப்பி அமைப்பது. வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யக்கூடிய ஆள்கள் ஒரே டீமில். கடினமான வழி, ஆறு மாதமாவது வலிக்கும். நூல்கள் இரண்டு பிஐயாகத் தொடர்ந்து ஒரே இடத்தில் விழுந்தால் இதைத் தவிர்க்க முடியாது.

அறிகுறி: ஒருவர் லீவு போட்டால் நான்கு டீம் நிற்கிறது

பில்லிங் பேட்ச் ஏன் இரவு இரண்டு மணிக்கு ஓடுகிறது? ஏன் மாதக் கடைசி நாளில் மட்டும் வேறு வழியில் போகிறது? ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார். பந்தியில் நின்றபடி போனில் பதில் சொல்கிறார். இந்த நிலையில் இருப்பவர்களை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அவர்கள் அறிவைப் பதுக்குகிறார்கள் என்று சொல்வது அநியாயம். சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

வழக்கமான தீர்வு கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) செஷன். இரண்டு மணி நேரம் அவர் பேசுகிறார், ரெக்கார்டிங்கை எங்கோ போடுகிறோம். அது பெரும்பாலும் வீண். கேட்பவருக்கு அந்த நேரத்தில் கேள்வியே இருக்காது. வேலையில் கை வைத்த பிறகுதான் கேள்வி பிறக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். பில்லிங்கில் அடுத்து வரும் டிக்கெட்டை அடுத்த டீமைச் சேர்ந்த ஒருவர் எடுக்கட்டும். தெரிந்தவர் பக்கத்தில் உட்காரட்டும், அல்லது ஸ்கிரீன் ஷேரில் இருக்கட்டும். ஒரே நிபந்தனை: தெரிந்தவர் கீபோர்டைத் தொடக் கூடாது.

“அண்ணா, இந்த ஃப்ளாக் எதுக்கு? எங்கயும் யூஸ் ஆகற மாதிரி தெரியலையே?”

“அது மாசக் கடைசிக்கு. பிப்ரவரி 28, 29 வித்தியாசத்துல முன்னாடி ரெண்டு தடவை பில் போச்சு. அதனால சேர்த்தோம்.”

“இது எங்க எழுதியிருக்கு?”

“எங்கயும் இல்ல. சரி, நீயே மேல ஒரு கமென்ட் போட்டுடு.”

இந்த நான்கு வரியில் நடந்தது எந்தக் கேடி டாக்குமென்டிலும் நடக்காது. ‘ஏன்’ வெளியே வந்துவிட்டது, அது இருக்க வேண்டிய இடத்தில் எழுதப்பட்டும்விட்டது, எழுதியவர் புதியவர். டிக்கெட் முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஸ்பிரின்ட் ப்ளானிங்கில் அந்த நேரத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே “குடு, நானே முடிச்சிடறேன்” என்று கீபோர்டு கைமாறிவிடும்.

அடுத்த கட்டமாக, தெரிந்தவரை ஒவ்வொரு டீமுக்கும் ஒன்றிரண்டு ஸ்பிரின்ட் அனுப்பலாம். லெஸ்ஸில் இதற்கு ‘ட்ராவலர்’ என்று பெயர். அவர் போகும் இடத்தில் அந்த டீமின் ஆளாகவே இருக்க வேண்டும், பழைய டீமின் வேலை அவரைத் துரத்தக் கூடாது. இதை அவருடைய மேனேஜர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, டீமின் கெபாசிட்டியில் அவர் பெயரை எடுத்துவிட வேண்டும்.

அறிகுறி: விக்கியில் எல்லாம் இருக்கிறது, ஆனாலும் எல்லோரும் சேனலில்தான் கேட்கிறார்கள்

தேடினால் ஒரே தலைப்பில் நான்கு பக்கம் வருகிறது, எது இப்போதையது என்று தெரியவில்லை. ஆக, விக்கியை நம்பாதவர்கள் புத்திசாலிகள்.

முதலில் அழியுங்கள். ஓராண்டாக யாரும் திருத்தாத, சொந்தக்காரர் இல்லாத பக்கங்களை ஆர்க்கைவுக்கு நகர்த்துங்கள். யாராவது கேட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கேட்பவர் மிகக் குறைவாகவே இருப்பார்கள். மிஞ்சியவற்றின் தலையில் சொந்தக்கார டீமின் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும். எப்படி ஓட்டுவது, எப்படி இன்ஸ்டால் செய்வது போன்றவை விக்கியை விட்டுக் கோடு இருக்கும் ரெப்போவுக்கே போகட்டும், மாற்றுபவர் கண்ணில் படும்.

முடிவுகளுக்குத் தனி வழி. மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்டு முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு முடிவுக்கு ஒரு சிறு ஃபைல்: சூழல் என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் என்ன விளையும், இப்போது அமலில் இருக்கிறதா. பழைய முடிவு மாறினால் ஃபைலை அழிக்காமல் ‘இதற்குப் பதில் அது’ என்று குறித்துவிட வேண்டும். ஒரு பக்கம்தான். மூன்று வருடம் கழித்து வேறு டீமில் சேரும் ஒருவர் “ஏன் காஃப்கா போடல?” என்று ஒரு மென்பொருளைப் பற்றிக் கேட்கும்போது, அதே விவாதத்தை முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்காது.

சேனலில் கேட்பதைத் தடுக்காதீர்கள். தனி மெசேஜில் கேட்பதைத்தான் குறைக்க வேண்டும். தனியாகக் கேட்ட கேள்வியை “இதைச் சேனல்ல கேளுங்க, அங்க பதில் போடறேன்” என்று திருப்புவதை மூத்தவர்கள் பழக்கமாக்கினால், மற்றவர்கள் தானாகப் பின்தொடர்வார்கள்.

அறிகுறி: ஒரே வேலையை இரண்டு டீம் செய்து முடித்திருக்கிறது

டெமோ அன்றுதான் தெரியவரும். ‘நோட்டிஃபிகேஷன் சர்வீஸ்’ ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று பிறந்திருக்கும்.

இரண்டாவது டீமிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அது இருப்பது தெரியாமல் கட்டினீர்களா, தெரிந்தும் கட்டினீர்களா? தெரியாமல் என்றால் பட்டியல் இல்லாத குறை. எந்த சர்வீஸ், யாருடையது, எங்கே டாக்குமென்ட் என்று ஒரே இடத்தில் காட்டும் கேட்டலாக் வேண்டும். ஸ்பாடிஃபை 2020-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட பேக்ஸ்டேஜ் இதற்காகவே உருவானது. அதை நிறுவ ஆள் இல்லையென்றால் ஒழுங்காகப் பராமரிக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டே போதும்.

தெரிந்தும் கட்டினார்கள் என்றால் விஷயம் வேறு. ‘அவங்க எஸ்எம்எஸ் மட்டும்தான் தர்றாங்க, வாட்ஸ்அப் கேட்டு நாலு மாசம் ஆச்சு’ என்பது போன்ற பதில் வரும். கேட்டலாக் இதைத் தீர்க்காது. மேலே சிவப்பு நூல் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: நாற்பது பேரோடு தொடங்கிய கில்டில் இப்போது நான்கு பேர்

ஸ்பாடிஃபை தன் அமைப்பை ஸ்குவாட், ட்ரைப், சாப்டர், கில்டு என்று விவரித்த கட்டுரை 2012-இல் வெளிவந்ததும், பல நிறுவனங்கள் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டன. ஒரே தொழிலில் ஆர்வமுள்ளவர்கள் டீம் எல்லைகளைத் தாண்டிச் சேரும் குழுதான் கில்டு. டெஸ்டிங், ஆண்ட்ராய்டு, டேட்டா என்று எதற்கும் இருக்கலாம்.

ஆள் குறைந்ததும் ‘தோற்றுவிட்டது’ என்று மூடிவிடாதீர்கள். ஸ்பாடிஃபையின் சொந்தக் கில்டுகளை டார்யா ஷ்மிட்டேவும் நில்ஸ் பிரெடே மோவும் மற்றவர்களும் ஆராய்ந்தபோது, உறுப்பினர்களில் சுமார் 20 சதவீதம் பேரே தொடர்ந்து ஈடுபட்டார்கள் என்று கண்டார்கள். மற்றவர்கள் செய்தியைத் தெரிந்துகொள்ள மட்டும் பின்தொடர்ந்தார்கள். நாற்பதில் எட்டுப் பேர் உயிரோடு இருந்தால் அது ஆரோக்கியமான கில்டு. நான்கு என்றால் கொஞ்சம் கவலைப்படலாம்.

எங்கே பழுது என்று தேட, எரிக்சனில் மூன்று இடங்களில் பரவிய நாற்பது டீம்களை வைத்து பாசிவாராவும் காஸ்பர் லாசெனியஸும் செய்த ஆய்வு கைகொடுக்கும். நன்றாக நடந்த குழுக்களில் அவர்கள் கண்ட இயல்புகள்: நல்ல தலைப்பு, உற்சாகமான தலைவர், ஒழுங்கான நிகழ்ச்சிநிரல், முடிவெடுக்கும் அதிகாரம், யாரும் சேரலாம் என்ற திறப்பு, உதவும் கருவிகள், பொருத்தமான இடைவெளி, தேவைப்படும்போது மற்ற இடத்து ஆள்களும் பங்கேற்பது. இதில் என் கண்ணுக்கு முதலில் படுவது அதிகாரம். ஆறு வாரம் பேசி ஒரு டெஸ்டிங் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு மேலிருந்து வேறொன்று வாங்கப்பட்டது என்று மெயில் வருகிறது. அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்கள்? சின்னதாக இருந்தாலும் சரி, ‘இந்த விஷயத்தில் கில்டு சொல்வதே முடிவு’ என்று ஒன்றையாவது எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவதாக நேரம். மதிய உணவு இடைவேளையில் நடக்கும் கில்டு, வேலை நேரத்தில் அதற்கு மதிப்பில்லை என்று அறிவிக்கிறது.

அறிகுறி: இந்த ஊரில் இருப்பவர்களுக்கு முடிவு கடைசியாகத் தெரிகிறது

சென்னையில் பாதி, ஸ்டாக்ஹோமில் பாதி என்று வைத்துக்கொள்வோம். கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். நம் பிற்பகல் முழுவதும் சேர்ந்தே இருக்கலாம், நேரம் ஒரு சாக்கே இல்லை. அங்கே காபி மெஷின் பக்கத்தில் முடிவாகிவிடுவதுதான் பிரச்சினை. அமெரிக்கக் கிழக்குக் கரையோடு என்றால் ஒன்பதரை, பத்தரை மணி. நிலைமை இன்னும் கடினம், இங்கே இருப்பவர்கள்தான் இரவு விழிக்கிறார்கள்.

விதி ஒன்று போதும்: எழுதாத முடிவு, முடிவு கிடையாது. பேசி முடித்தவர் ஐந்து வரி சேனலில் போட வேண்டும், மறுப்புச் சொல்ல மற்ற ஊருக்கு ஒரு வேலைநாள். இரவு நேர மீட்டிங்குகளை இரண்டு பக்கமும் மாறி மாறி ஏற்க வேண்டும். எப்போதும் ஒரே ஊர் கண் விழித்தால், அந்த ஊர் மெல்லப் பேசுவதையே நிறுத்திவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று பேராவது நேரில் போய் இரண்டு வாரம் உட்காரப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். மேனேஜர்களை அனுப்பாமல் டெவலப்பர்களை அனுப்புங்கள்.

மேலே எதுவும் பொருந்தாவிட்டால்

எல்லாம் செய்தாகிவிட்டது, இன்னும் ஒரு டீம் அடுத்த டீமுக்கு உதவ மறுக்கிறது. அப்போது அவர்கள் எதை வைத்து அளக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். மாதக் கூட்டத்தில் எல்லா டீமின் வெலாசிட்டியையும் (ஒரு ஸ்பிரின்டில் முடித்த வேலையின் அளவு, ஸ்டோரி பாயின்டில்) ஒரே சார்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறார்களா? அடுத்த டீமுக்குக் கொடுத்த அரை நாள் எந்தக் கார்டிலும் ஏறாது என்றால், அந்த அரை நாளை யாரும் கொடுக்க மாட்டார்கள். அப்ரைசலிலும் அது வராது.

ஸ்டோரி பாயின்ட் ஒவ்வொரு டீமுக்கும் தனி அளவு, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அது உருவாகவில்லை. அந்தச் சார்ட்டை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உதவியைக் கார்டாகப் போடுங்கள்: யாருக்கு, எதற்கு, எத்தனை மணி. ஸ்பிரின்ட் ரிவ்யூவில் உதவி வாங்கிய டீமே அதைச் சொல்லட்டும். இரண்டு ஸ்பிரின்ட் கழித்து, முதல் சோதனையில் எடுத்த அதே ஜிரா ஃபில்டரை மறுபடி ஓட்டுங்கள். ‘தெரியாமல்’ என்ற குறி குறைந்திருந்தால், அதற்காகப் போட்ட கூட்டங்களில் ஒன்றை அந்த வாரமே காலெண்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.